உளவியலும் சமூகவியலும் பயில வருவோருக்கு முதல் பருவத்திலேயே வழி சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு உதவிபெறும் மகளிர் கல்லூரி ஒன்றில் 31 ஆண்டுகள் சமூகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். ஆண்டுதோறும் பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும், தெரிந்தவர்களும் அவர்கள் சொல்லி அனுப்பியவர்களுமாகப் பெற்றோர் பலர் பாளையங்கோட்டையில் உள்ள என் வீட்டுக்கு வருவது ஓய்வுக்குப் பிறகும் நிற்கவில்லை. மகளை பி.எஸ்சி. உளவியலில் சேர்க்கலாமா, பி.ஏ. சமூகவியல் படித்தால் வேலை கிடைக்குமா என்பவைதான் அவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகள். சேர்ந்த பிறகு வரும் ஆறு பருவங்களில் எந்தப் பருவத்தில் எந்த முடிவை எடுக்க வேண்டும் என்று இதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. அதைப் பற்றி அவர்களிடம் யாரும் சொன்னதில்லை என்பதே அதற்குக் காரணம். கல்லூரிகள் அதைச் சொல்லியாக வேண்டும், அதுவும் முதல் பருவத்திலேயே சொல்லியாக வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பொறியியலோ வணிகவியலோ படிக்கிறவருக்கு அடுத்து என்ன என்பதை வீட்டில் ஒருவராவது, தெருவில் ஒருவராவது சொல்லிவிடுவார்கள். உளவியல், சமூகவியல் மாணவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளிலேயே இவ்விரண்டையும் விருப்பப் பாடங்களாகப் படிக்க இடமுண்டு. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இவற்றைக் கல்லூரி வகுப்பறையில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். உளவியல் படித்தால் எதிரில் இருப்பவரின் மனத்தைப் படித்துவிடலாம், பட்டம் வாங்கியதும் மருத்துவமனையில் அறை போட்டு ஆலோசனை சொல்லலாம் என்ற எண்ணத்துடன் ஒரு சாராரும், வேறு துறையில் இடம் கிடைக்காததால் சமூகவியலுக்கு வந்து சேர்ந்தவர்களாக இன்னொரு சாராரும் முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்திருப்பதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். இரு சாராருமே புத்திசாலிப் பிள்ளைகள்தான். அந்தப் பட்டம் எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பது ஐந்தாம் பருவத்திலோ ஆறாம் பருவத்திலோதான் அவர்களுக்குத் தெரியவருகிறது. அதற்குள் துணைப் பாடத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், மதிப்பெண்களும் பதிவாகியிருக்கும், எந்த மொழியில் தேர்வு எழுதுவது என்ற பழக்கமும் படிந்திருக்கும்.

முதலில் உளவியலை எடுத்துக்கொள்கிறேன். மனநோய்க்குச் சிகிச்சையளிக்கும் குழுவில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற வேண்டுமானால், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அந்தக் குழுமம் அங்கீகரித்த மருத்துவ உளவியல் தகுதி ஒருவருக்கு இருக்க வேண்டும். அல்லது உளவியலில் முதுகலைப் பட்டமும், அதற்கு மேல், மேற்பார்வையோடு கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் வரையறை. கூட்டிப் பார்த்தால் இளங்கலைக்கு 3, முதுகலைக்கு 2, பயிற்சிக்கு 2 என 7 ஆண்டுகள் ஆகின்றன. பயிற்சிப் படிப்புக்கான இடங்களோ மிகக் குறைவு, போட்டியோ கடுமை. ஒரு தாய் என்னிடம், ‘மூணு வருஷம் முடிஞ்சதும் பெரியாஸ்பத்திரியில சேர்ந்துருவான்னுதானே டீச்சர் நகையை அடகு வெச்சோம்’ என்று கேட்டபோது, அந்தத் துறையில் அன்று இருந்த எங்கள் யாருக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. 7 ஆண்டுகள் ஆகும் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் வேறு முடிவு எடுத்திருக்கலாம், அல்லது அதே முடிவை ஆயத்தத்தோடு எடுத்திருக்கலாம்.

அந்த 7 ஆண்டு வழியும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டது; மருத்துவ உளவியல், மனநலச் சமூகப்பணி ஆகிய இரண்டுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. எனவே இன்று முதலாண்டில் சேரும் மாணவர், தனக்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்னே சென்ற அக்காவோ அண்ணனோ போன பாதையைக் கேட்டுத் திட்டமிட்டால் ஏமாந்துபோவார். எந்தப் படிப்பு, எந்த நிறுவனத்தில், எந்த ஆண்டு வரை அங்கீகாரம் பெற்றது என்பதை மறுவாழ்வுக் குழுமத்தின் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அதையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்பப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் விளம்பரத் தாளில் அச்சிட்டிருப்பதை நம்பிப் பணம் கட்டக் கூடாது.

இதைவிட என்னை வருத்தியது 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு. தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையத்துக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் படிப்புகளை, உளவியல் உட்பட, இனித் தொலைநிலை வழியிலோ இணைய வழியிலோ நடத்தக் கூடாது என்றும், 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே அது நடைமுறைக்கு வருகிறது என்றும் மானியக் குழு அறிவித்தது. நேரடிப் பயிற்சி இல்லாமல் மனித மனத்தோடு பழகும் தொழிலுக்கு ஒருவரை அனுப்பக் கூடாது என்ற நோக்கத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். தபாலில் வந்த புத்தகத்தைப் படித்துத் தேர்வெழுதிவிட்டு ஆலோசகர் என்று பலகை மாட்டியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் பகுதியில் பட்டம் முடித்த கையோடு ஏதாவதொரு வேலைக்குப் போய், மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டே, எம்.எஸ்சி. உளவியலைத் தொலைநிலை வழியில் படித்துவந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு முதுகலைப் படிப்பு என்றால் அந்த ஒரு வழிதான் இருந்தது. அந்த வழி அடைபட்ட பிறகு, முழுநேரமாக இரண்டு ஆண்டுகள் படிக்க வேண்டிய செலவுக்கு என்ன செய்வது என்பதையும் முதலாண்டிலேயே வீட்டில் பேசியாக வேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே தொகை வருகிறது. அவை இளங்கலையோடு நின்றுவிடும் என்பதைப் பல பெற்றோர் அறிந்திருப்பதில்லை. முதுகலைக்கும் அதேபோல் ஒரு தொகை கிடைக்கும் என்று எண்ணியிருந்துவிட்டு, விண்ணப்பிக்கும் நேரத்தில் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

சமூகவியலுக்கு வருகிறேன். இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவி, யார் துயரத்தோடு வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கும் இயல்பு உடையவள். இளங்கலை முடியும் தறுவாயில் அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டாள். என் பாடத்தின்மேல் எனக்கிருந்த பற்றினால், சற்றும் யோசிக்காமல் எம்.ஏ. சமூகவியல் படி என்றேன். நன்றாகவே படித்து முதல் வகுப்பில் தேறினாள். பின்பு மனநல மருத்துவமனையில் சமூகப்பணியாளராக வேண்டும் என்று விரும்பியபோதுதான், அந்தப் பணிக்கு அவள் பட்டம் செல்லாது என்பது அவளுக்கும் எனக்கும் தெரிந்தது. மனநலச் சமூகப்பணியாளர் என்றால் சமூகப்பணியில் முதுகலைப் பட்டமும், அதற்கு மேல் மனநலச் சமூகப்பணியில் முழுநேர எம்.ஃபில். பட்டமும் பெற்றவர் என்றே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. சமூகவியல் வேறு, சமூகப்பணி வேறு. முன்னது சமூகத்தை ஆராயும் கல்வி, பின்னது மக்களோடு வேலை செய்யும் தொழில். சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் எந்த இளங்கலைப் பட்டதாரியும் சேரலாம் என்பதால், நான்காம் பருவத்திலேயே இந்த இரண்டில் எது என்று அவளை யோசிக்க வைத்திருந்தால் இரண்டு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும். அவள் என்மீது ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வகுப்பிலும் இந்த வேறுபாட்டை நான்காம் பருவத்தின் முதல் வாரத்தில் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

மருத்துவமனைப் பணியை விரும்பும் உளவியல் மாணவர்களுக்கும் இதையே சொல்வேன். மருத்துவ உளவியலில் இடம் கிடைக்காதவர்கள், மருத்துவமும் மனநலமும் சார்ந்த சிறப்புப் பிரிவுள்ள எம்.எஸ்.டபிள்யூ. படித்து அதே மருத்துவமனையில் வேறொரு கதவு வழியாக நுழையலாம். குழந்தைகளோடு வேலை செய்ய விரும்புகிறவர்களுக்குச் சிறப்புக் கல்வியில் பி.எட். இருக்கிறது. நிறுவனங்களில் மனிதவளப் பிரிவை நாடுகிறவர்கள் தொழில்சார் உளவியலை விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். சமூகவியல் மாணவர்களில் குடிமைப்பணித் தேர்வை எண்ணுகிறவர்களுக்கு, முதன்மைத் தேர்வில் 500 மதிப்பெண்களுக்கு உரிய விருப்பப் பாடமாகத் தங்கள் பாடத்தையே எடுக்கலாம் என்பது தெரிந்த செய்தியே. ஆனால் அந்த ஒன்றை மட்டும் நம்பி மற்ற எதற்கும் ஆயத்தமாகாமல் இருந்துவிட்டு, மூன்று நான்கு முயற்சிகளுக்குப் பிறகு திரும்பிப் பார்க்கும்போது வயதும் ஏறியிருக்கும்.

இரு துறை மாணவர்களும் பொதுவாக அஞ்சி ஒதுங்கும் பாடம் ஒன்று உண்டு. அது புள்ளியியல். பிளஸ் டூவில் கணிதம் வேண்டாம் என்று கலைப் பிரிவை எடுத்துக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு இரண்டாம் ஆண்டில் திட்ட விலக்கமும் ஒட்டுறவுக் கெழுவும் முன்னால் வந்து நிற்கும்போது, ஏமாற்றப்பட்டதாகவே உணர்கிறார்கள். பலர் அந்த ஒரு தாளில் அரியர் வைத்துக்கொண்டு, மற்றத் தாள்களில் தேறிக்கொண்டே போய், கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். வெளிமாநிலத்தில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைக்கு நுழைவுத் தேர்வு எழுதி இடம் பெற்ற ஒரு மாணவி, இரண்டாம் ஆண்டுப் புள்ளியியல் தாள் ஒன்று நிலுவையில் இருந்ததால் உரிய தேதிக்குள் பட்டச் சான்றைக் காட்ட முடியாமல் அந்த இடத்தை இழந்தாள். அடுத்த ஆண்டு அவள் மீண்டும் விண்ணப்பிக்க வீட்டில் விடவில்லை. திருமணம் செய்து வைத்துவிட்டார்கள். ஒரு தாள் அரியர் என்று ஏளனமாகச் சொல்லிவிட்டுப் போகும் இளைஞர்களிடம் அவள் கதையைத்தான் நான் சொல்வேன்.

ஆகவே, துணைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க இடமுள்ள கல்லூரிகளில், எளிதில் மதிப்பெண் கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்லும் பாடத்தை விட்டுவிட்டுப் புள்ளியியலை எடுங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உளவியலில் முதுகலைக்கோ ஆராய்ச்சிக்கோ போகிறவர், பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு தெரியாமல் ஒரு ஆய்வுக் கட்டுரையைக்கூடப் படிக்க முடியாது. சமூகவியலில், கை-ஸ்கொயர் என்று சொல்லப்படும் கை வர்க்கச் சோதனை தெரியாமல் ஒரு கணக்கெடுப்பு அட்டவணையை நம்பலாமா கூடாதா என்று சொல்ல முடியாது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதும் இல்லை. ஆர், ஜாஸ்ப், ஜமோவி ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரிக் கணினி ஆய்வகத்தை வாரம் ஒரு மணி நேரம் இந்த இரண்டு துறைகளுக்கும் திறந்துவிட்டால் போதும்.

பயிற்சிக்குத் தரவு எங்கே என்று கேட்கலாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் மாவட்ட வாரியான சுருக்க அறிக்கைகள் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியாகியுள்ளன. 2015-16-இல் நடந்த நான்காம் சுற்றையும் 2019-21-இல் நடந்த ஐந்தாம் சுற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தன் மாவட்டத்தில் பெண்களின் இரத்தசோகையோ குழந்தைத் திருமணமோ எப்படி மாறியிருக்கிறது என்று ஒரு மாணவி இரண்டு பக்கம் எழுதிப் பழகட்டும். என் வகுப்பில் இதைச் செய்யச் சொன்னபோது, எண்களைக் கண்டு ஓடிய பிள்ளைகள், தங்கள் ஊரைப் பற்றிய எண் என்று தெரிந்ததும் விடுமுறை நாளிலும் வந்து கேட்டார்கள். இந்த எண் எப்படி வந்தது, யாரிடம் கேட்டார்கள், எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று ஒருத்தி கேட்டாள். மாதிரி எடுத்தல் என்ற பாடத்தை அன்று நான் நடத்த வேண்டியே இருக்கவில்லை. அவள் கேள்விக்குப் பதில் சொன்னதே பாடமாகிவிட்டது.

களப்பணிக்கு நம்மிடம் நூறாண்டுக்கும் மேற்பட்ட முன்மாதிரி ஒன்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பி, யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, என்ன கடன் என்று எழுதிவரச் சொன்னார். அந்த மாணவர்களின் குறிப்புகள் 1918-இல் நூலாக வந்தன. எங்கள் மாவட்டத்துக் கங்கைகொண்டான் அவற்றில் ஒன்று. வடமலைபுரமும் இருவேல்பட்டும் வேறு இரண்டு. அதே ஊர்களை 1930-களில் மீண்டும் சென்று பார்த்தார்கள். இருவேல்பட்டுக்கு அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். பல்கலைக்கழக வகுப்பறையிலிருந்து கிளம்பிய இளைஞர்கள் எழுதிய பக்கங்கள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன என்பதை என் மாணவிகளிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் மாற்றத்தை நான் மிகவும் விரும்பினேன். மூன்றாம் ஆண்டு ஆய்வுத் திட்டத்தை, கணினி மையத்தில் பணம் கொடுத்து வாங்கிய பக்கங்களால் நிரப்பாமல், சொந்தத் தெருவிலிருந்து தொடங்கினால், அந்த 40 பக்கங்களே முதுகலை நேர்முகத் தேர்வில் அவர்களுக்காகப் பேசும். உளவியல் மாணவர்கள் செய்முறை ரெக்கார்டை முந்தைய ஆண்டு நோட்டைப் பார்த்து எழுதும் வழக்கமும் இவ்வகையே. கண்ணாடியைப் பார்த்து வரையும் சோதனையில் தானே தடுமாறி, எத்தனை பிழைகள் என்று தானே எண்ணியவருக்குத்தான் கற்றல் வளைகோடு என்றால் என்னவென்று புரியும்.

பயிற்சிச் சான்றிதழ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். பதினைந்து நாளில் ஆலோசகர் பயிற்சி, கட்டணம் இவ்வளவு, சான்றிதழ் உறுதி என்று கைப்பேசிக்கு வரும் அழைப்புகளை நம்பி இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பணம் கட்டுகிறார்கள். அந்தத் தாள் எந்தப் பதிவுக்கும் உதவாது. அதைவிட ஆபத்தானது, அதைக் கையில் வைத்துக்கொண்டு தற்கொலை எண்ணத்தோடு இருக்கும் தோழிக்குத் தானே ஆலோசனை சொல்லத் தொடங்குவது. அப்படிப்பட்ட நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கவும், துறை ஆசிரியரிடமும் வீட்டாரிடமும் உடனே சொல்லவும் கற்பிப்பதே இளங்கலை மாணவருக்குத் தர வேண்டிய பயிற்சி. உண்மையான அனுபவத்துக்குச் சென்னைக்கே ஓட வேண்டும் என்பதும் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் நடக்கும் அரசு மருத்துவமனையும் முதியோர் இல்லமும் அங்கன்வாடியும் மகளிர் சுயஉதவிக் குழுவும் பக்கத்திலேயே இருக்கின்றன. கல்லூரி முறைப்படி கடிதம் கொடுத்து, ஒரு ஆசிரியரின் மேற்பார்வையில், உட்கார்ந்து கவனிக்க அனுமதி பெற்றுத் தர வேண்டும்.

மொழியைப் பற்றியும் திட்டமிட்டே முடிவெடுக்க வேண்டும். கல்லூரி ஆசிரியராவதற்கான நெட் தேர்வில் உளவியல், சமூகவியல் வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தரப்படுகின்றன. தமிழ்வழியில் சமூகவியல் படித்த மாணவிக்கு இது பெரிய தடை. இந்த ஏற்றத்தாழ்வு நீங்க வேண்டும் என்று கேட்பது நம் கடமை. நீங்கும் வரை அவள் என்ன செய்வாள்? மறுபக்கத்தில், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்போடு பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருந்தால்தான் அது கிடைக்கும். எனவே அரசுப் பணியை நோக்கும் மாணவர் தன் பள்ளிச் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் தமிழ்வழியில் நிலைத்திருப்பது நல்லது. ஆராய்ச்சியை நோக்கும் மாணவர் தமிழில் சிந்தித்துக்கொண்டே, நாள்தோறும் ஒரு பக்கம் ஆங்கிலப் பாடநூலையும் படித்தாக வேண்டும். சமூகமயமாதல், அடுக்கமைவு, ஆக்கநிலையுறுத்தல் போன்ற கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எதிரெதிரே எழுதிவைத்த நோட்டு ஒன்று என் மாணவிகள் ஒவ்வொருவரிடமும் இருந்தது. மூன்றாண்டு முடிவில் அந்த நோட்டு வழிகாட்டி நூல்களைவிட மதிப்புடையதாக இருந்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

காலக்கணக்கில் ஐந்தாம் பருவமே முக்கியமானது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும், மும்பையில் 1936-இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக்கும் முதுகலைச் சேர்க்கை இப்போது சியூஇடி-பிஜி எனப்படும் பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. அதற்கான விண்ணப்பம் வழக்கமாக டிசம்பர், ஜனவரி மாதங்களில் தொடங்கித் தேர்வு மார்ச்சில் நடந்துவிடுகிறது. திருவாரூரில் நம் மாநிலத்திலேயே மத்தியப் பல்கலைக்கழகம் இருப்பதும் அதற்கும் இதே தேர்வுதான் என்பதும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலருக்கு ஏப்ரலில்தான் தெரிகிறது. நெட் தேர்வுக்குப் பொதுப்பிரிவினருக்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் தேவை என்பதையும், மருத்துவ உளவியல் எம்.ஃபில். படிப்புக்கும் அதே அளவு கேட்கப்பட்டுவந்தது என்பதையும் முதுகலை முதல் பருவத்திலேயே அறிந்திருக்க வேண்டும். 54-இல் நின்றுபோனவர்களின் வேதனை சொல்லி மாளாது.

இவ்வளவும் படித்துவிட்டு, இத்துறைகளில் சேரவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்துள்ளது. அதன்படி நடந்தால், நம் மாநிலத்தின் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்றவராக அவர் இருக்க வேண்டும் என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. தேவை இருக்கிறது; அந்தத் தகுதியோடு நம் பிள்ளைகள் போய் நிற்பார்களா என்பதே என் கவலை.

கல்லூரிகளிடம் நான் கேட்பது அதிகமில்லை. சேர்க்கையின்போது கட்டண ரசீதோடு, இப்பட்டம் எந்தப் பணிக்கு நேரடியாகச் செல்லும், எதற்கு மேற்படிப்பு வேண்டும், அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று தமிழில் எழுதிய ஒரு தாளைப் பெற்றோர் கையில் கொடுங்கள். சில மாணவர்களை ஓர் ஆசிரியரின் பொறுப்பில் விடும் டியூட்டர்–வார்டு முறை எல்லாக் கல்லூரிகளிலும் ஏட்டில் இருக்கிறது. தரமதிப்பீட்டுக் குழு வரும்போது மட்டும் கையெழுத்துகள் நிரம்பும் அந்தப் பதிவேட்டில், பருவத்துக்கு ஒருமுறையாவது மாணவரின் மதிப்பெண், அரியர், அடுத்த இலக்கு ஆகிய மூன்றையும் பேசி எழுதுங்கள். இதற்கு ஆசிரியர்கள் நிலையாக இருக்க வேண்டும் என்பதையும் அரசு உணர வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களை ஆண்டுக்காண்டு மாற்றிக்கொண்டிருந்தால், முதலாண்டில் மாணவியின் பெயரையும் விருப்பத்தையும் அறிந்த ஆசிரியர் மூன்றாமாண்டில் அங்கே இருக்க மாட்டார். பிறகு யார் அவளுக்கு வழி சொல்வது?

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பொறியியல், மருத்துவக் கலந்தாய்வுத் தேதிகளைத் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிட்டுப் பல்லாயிரம் குடும்பங்களுக்கு உதவிவருகிறது. டிசம்பர் மாதத்தில் முதுகலைப் பொது நுழைவுத் தேர்வுக்கான அறிவிப்பையும், ஆண்டுக்கு இருமுறை வரும் நெட் அறிவிப்பையும், மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த தமிழக நிறுவனங்களின் பட்டியலையும் அதேபோல் கல்விப் பக்கத்தில் தமிழில் வெளியிட வேண்டுகிறேன். ஆங்கில இணையதளங்களைத் தேடிப் பார்க்கத் தெரியாத வீடுகளிலும் தங்கள் நாளிதழ் காலையில் வந்து விழுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூகவியல் பேராசிரியை,
பாளையங்கோட்டை.